கர்தினால்களின் சிற்பி வார்த்த ஒரு முகம்

போப்பாண்டவரின் மார்பளவுச் சிலை ஐரோப்பியச் சிற்பக்கலையில் பழைய வகைகளில் ஒன்று. பழமைக்கு ஏற்ற அளவில் அதில் வெற்றிகள் இல்லை. மும்முடி, பொன்னிழை மேலாடை, ஆசி வழங்க உயர்ந்த கை ஆகிய மூன்றையும் சேர்த்துவிட்டால் எந்த முதியவரும் போப் ஆகிவிடுவார். சிற்பி முகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ரோமின் தேவாலயங்களில் வரிசையாக நிற்கும் பளிங்குப் போப்புகளின் பெயர்ப் பலகைகளை நீக்கிவிட்டால் பலரை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறிய முடியாது. பதவி அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது, பதவியில் இருந்த ஆள் இல்லை.

இந்த வரிசையிலிருந்து விலகி நிற்கும் ஒரு முகத்தை இத்தாலியச் சிற்பி ஜாகோமோ மன்சூ 1963இல் வெண்கலத்தில் வார்த்து முடித்தார். அது போப் 23ஆம் ஜானின் முகம். இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட போப்பாண்டவர் சிலைகளில் ஆளை முழுதாகக் காட்டும் சிலை இது ஒன்றே என்பது என் கருத்து. ஆனால் மன்சூ அதை எளிதில் செய்துவிடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல வடிவங்களைச் செய்தார். சிலவற்றை அவரே அழித்தார். போப் ஓரிடத்தில் அமராதவர், ஓயாமல் பேசுபவர், நேரம் கிடைக்காதவர் என்பவைதான் இந்தத் தாமதத்துக்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. அவை உண்மைதான். ஆயினும் பெரிய தடை மன்சூவின் சொந்தக் கையிலேயே இருந்தது என்று நினைக்கிறேன். முகமே இல்லாத மதகுருக்களைச் செய்து செய்து கால் நூற்றாண்டாகப் பழகிய கை அது.

மன்சூ 1908 டிசம்பர் 22 அன்று வட இத்தாலியின் பெர்கமோ நகரில் பிறந்தார். இயற்பெயர் மன்சோனி. தந்தை செருப்புத் தைப்பவர். கன்னியர் மடத்துக் கோயிலில் மணியடிப்பது, விளக்கேற்றுவது போன்ற பணிகளையும் அவரே பார்த்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு, வருமானமோ சொற்பம். பதினோரு வயதளவில் சிறுவன் ஜாகோமோ மரச்செதுக்குக்காரர் ஒருவரிடமும் தங்கமுலாம் பூசுபவர் ஒருவரிடமும் எடுபிடியாகச் சேர்ந்தான். பின்னர் சுதைவேலைக்காரரிடம் போனான். கலைக்கல்லூரி அவருக்குக் கிடைக்கவில்லை. 1920களின் இறுதியில் கட்டாய ராணுவச் சேவைக்காக வெரோனாவுக்கு அனுப்பப்பட்டபோது, அங்குள்ள சான் ஜேனோ தேவாலயத்தின் வெண்கலக் கதவுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். அவை இடைக்காலத்தவை. குட்டையான, முரட்டு உருவங்கள் சதுரப் பலகைகளுக்குள் கதை சொல்லும் கதவுகள். புனித பேதுரு பேராலயத்துக்குப் பின்னாளில் அவரே ஒரு கதவு செய்யப் போகிறார் என்பதை நினைவில் வைத்தால் இந்தப் பாடத்தின் எடை புரியும்.

அதன் பிறகு பாரிஸுக்குப் போனார். பணமில்லாமல் பசியில் சோர்ந்து விழுந்து திரும்பினார். 1930இல் மிலானில் குடியேறினார். கட்டடக்கலைஞர் ஜோவான்னி மூட்சியோ அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் சிற்றாலய வேலையை அவரிடம் ஒப்படைத்தார். கையில் வேலை வந்தது, பெயரும் மெல்ல வளர்ந்தது.

1934இல் ஓவியர் அலீஜி சஸ்ஸூவுடன் ரோமுக்குப் போன மன்சூ, பேதுரு பேராலயத்தில் இரண்டு கர்தினால்களுக்கு நடுவே போப் அமர்ந்திருந்ததைக் கண்டார். அந்தக் காட்சி அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. முதலில் வரைபடங்கள். 1938 முதல் சிற்பங்கள். கர்தினால் ஒருவர் அமர்ந்திருப்பார், அல்லது நிற்பார். தலையில் கூம்புத் தொப்பி, தோளிலிருந்து தரைவரை ஒரே மடிப்பாக இறங்கும் மேலாடை. உடல் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கைகள் பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கும். மேலே கூம்பு, கீழே அகன்ற கூம்பு, இரண்டுக்கும் இடையில் சிறிய, அசையாத முகம். பல பத்தாண்டுகளில் இப்படி நூற்றுக்கணக்கில் செய்தார். இரண்டு அடிக்கும் குறைவான சிறு உருவங்களும் ஆளைவிடப் பெரிய உருவங்களும் அவற்றில் உண்டு. சமயப் பற்றால் அவற்றைச் செய்யவில்லை என்றும், அந்த உருவத்தின் கம்பீரமே தம்மை ஈர்த்தது என்றும் பின்னாளில் மன்சூ சொன்னார். 1948 வெனிஸ் பியனாலே கலைக்காட்சியில் இத்தாலியச் சிற்பிக்கான பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தபோது உலகம் அவரைக் கர்தினால்களின் சிற்பி என்றே அறியத் தொடங்கியது.

இந்தக் கர்தினால்கள் அழகானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எதிரே நின்றால் பேச்சு தானாகத் தாழ்ந்துவிடும். ஆனால் அவற்றில் யாரும் இல்லை. எந்தக் கர்தினால் என்று கேட்க முடியாது, கேட்கவும் தோன்றாது. ஆடை மனிதரை முழுதாக மூடிவிட்ட நிலையே அந்தச் சிற்பங்களின் பொருள். அமைப்பின் எடை, அதன் மௌனம், அதன் நிரந்தரம் எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. ஆள் மட்டும் வருவதில்லை.

மன்சூவின் மற்றொரு கை வேறு வேலை செய்துகொண்டிருந்தது. 1939 முதல் போர் ஆண்டுகளில் ‘நம் மானுடத்தில் கிறிஸ்து’ என்ற புடைப்புச் சிற்பத் தொடரைச் செய்தார். சிலுவையில் அறையப்பட்டவரும் இறக்கப்பட்டவரும் அங்கே தேவகுமாரனுக்குரிய ஒளிவட்டத்தோடு இல்லை. சித்திரவதை செய்யப்பட்ட கைதியாக இருக்கிறார்கள். அருகே நிற்கும் படைவீரனுக்கு உடம்பில் துணியில்லை, தொந்தி தெரிகிறது, தலையில் மட்டும் ஜெர்மானியத் தலைக்கவசம் இருக்கிறது. மிலானில் இவற்றைக் காட்சிக்கு வைத்தபோது பாசிச ஆட்சியும் திருச்சபையும் ஒருசேரக் கண்டித்தன. போர்க் காலத்தில் மன்சூ பெர்கமோ மலைப்பகுதியில் உள்ள குளுசோனேவுக்கு ஒதுங்கினார். இடதுசாரிச் சார்பு, நம்பிக்கையின்மை, திருச்சபையின் கண்டனம் ஆகிய மூன்றும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன. 1960களின் நடுவில் சோவியத் நாட்டின் லெனின் அமைதிப் பரிசையும் பெற்றார்.

இவற்றோடு அவர் உருவச்சிலைகளையும் செய்தார். பெண்கள், சிறுமிகள், நாட்டியம் ஆடுபவர்கள் என அந்த வரிசை நீளமானது. அதில் அவருடைய ஆசான் என்று சொல்லத் தக்கவர் மெதார்தோ ரோஸ்ஸோ. ரோஸ்ஸோ 1858இல் பிறந்து 1928இல் மறைந்தவர். மெழுகில் முகங்களைச் செய்தவர். ஒளி படும் கணத்தில் ஒரு முகம் எப்படிக் கரைந்து தோன்றுகிறதோ அப்படியே அதைப் பிடிக்க முயன்றவர். மன்சூவின் பெண் முகங்களில் அந்த மென்மை உண்டு. கண்ணிமையும் கன்னமும் சந்திக்கும் இடத்தில் கோடு கிடையாது, ஒளி மட்டும் மெல்ல மங்கும். புடைப்புச் சிற்பத்தை ஏறக்குறைய வரைபடம்போல மெலிதாக்கும் முறையை தொனதெல்லோவிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ஆக மன்சூவிடம் இரண்டு மொழிகள் இருந்தன. ஒன்று மதகுருவுக்கானது. கூம்பு, மடிப்பு, மௌனம் என்ற பெருவடிவ மொழி. மற்றொன்று முகத்துக்கானது. ஒளியும் மென்மையும் கொண்ட நெருங்கிய மொழி. முதல் மொழியில் முகம் கிடையாது, இரண்டாவதில் அதிகாரம் கிடையாது. போப் ஜானின் சிலை இரண்டையும் ஒரே தலையில் கேட்டது.

அந்தத் தலைக்கு உரியவரான ஆஞ்ஜெலோ ரொங்கல்லி, பெர்கமோவுக்கு அருகே சோத்தோ இல் மோந்தே என்ற சிற்றூரில் 1881 நவம்பர் 25 அன்று வாரத்துக்கு நிலம் உழுத குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் நான்காமவர். 1904இல் குருவானார். 1905 முதல் 1914 வரை பெர்கமோ ஆயரின் செயலர். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பிரிவிலும் பின் படைக் குருவாகவும் பணி செய்தார். பிறகு பல்கேரியா, துருக்கி, கிரேக்கம், பாரிஸ் என்று திருச்சபையின் தூதராக நெடுங்காலம் வெளிநாடுகளில் கழித்தார். 1953இல் கர்தினாலாகி வெனிஸ் மறைமாவட்டத் தலைவரானார். 1958 அக்டோபர் 28 அன்று போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது எழுபத்தேழு வயதை நெருங்கியிருந்தார். வயதைக் கணக்கிட்டு இவரை இடைக்காலப் போப் என்றே பலரும் நினைத்தார்கள். மூன்று மாதம் முடிவதற்குள், 1959 ஜனவரி 25 அன்று, திருச்சபையின் பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்து அந்தக் கணக்கைப் பொய்யாக்கினார்.

தேர்தலுக்கு முன் தையற்காரர்கள் வழக்கம்போல் மூன்று அளவுகளில் வெள்ளை அங்கிகளைத் தைத்து வைத்திருந்தார்கள். எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. மக்கள் முன் உப்பரிகைக்கு வர, அங்கியைப் பின்புறம் பிரித்து ஊசி குத்திச் சமாளித்தார்கள். இதைச் சுவையான துணுக்காகச் சொல்லிக் கடந்துபோவதே வழக்கம். மன்சூவின் சிற்பங்களை அறிந்தவருக்கு இது துணுக்காகத் தோன்றாது. மன்சூவின் கர்தினால்களில் ஆடை மனிதரை விழுங்கிவிட்டது. இங்கேயோ ஆடைக்குள் அடங்காத ஒரு மனிதர் வந்து உட்கார்ந்திருந்தார்.

இருவரையும் இணைத்தவர் ஜுசெப்பே தெ லூக்கா என்ற குரு. அவர் வரலாறும் இலக்கியமும் சார்ந்த நூல்களுக்காக ஒரு பதிப்பகம் நிறுவிய அறிஞர். எதிர்க் கருத்துடையவர்களோடும் நட்புக் கொண்டவர். மன்சூ ஏற்கெனவே வத்திக்கானோடு ஒரு நெடிய சிக்கலில் மாட்டியிருந்தார். பேதுரு பேராலயத்தில் குருவாக இருந்த பவேரிய இளவரசர் ஜார்ஜ் தம் உயிலில் பேராலயத்துக்குப் புதிய கதவுகள் செய்யப் பணம் எழுதிவைத்திருந்தார். அதற்காக 1947இல் போட்டி அறிவிக்கப்பட்டது. பிலரேத்தே செய்த பதினைந்தாம் நூற்றாண்டின் நடுக்கதவுக்குத் துணையாகப் புதிய கதவுகள். அவற்றில் ஒன்று மன்சூவுக்குக் கிடைத்தது. கொடுக்கப்பட்ட பொருள், புனிதர்களும் இரத்தசாட்சிகளும் பெற்ற வெற்றி. அந்தப் பொருள் மன்சூவின் கையில் ஓடவில்லை. ஆண்டுகள் உருண்டன. முந்தைய போப் 12ஆம் பயஸ் காலத்து வத்திக்கானுக்கு அவர்மீது நல்லெண்ணமும் இல்லை. போப் ஜான் வந்த பிறகு, தெ லூக்காவின் தூண்டுதலால் பொருள் மாற்றப்பட்டது. கதவின் புதிய பொருள் மரணம். அந்த உறவின் நடுவே பிறந்ததுதான் போப்பின் மார்பளவுச் சிலை என்ற யோசனை.

போப்பை எதிரே அமரவைத்துச் செய்வதில் உள்ள தொல்லையை மன்சூவுக்கு முன்பே ஒரு பெருஞ்சிற்பி அனுபவித்திருந்தார். 1915இல் ரோடின் 15ஆம் பெனடிக்டின் தலையைச் செய்ய ரோமுக்கு வந்தார். உருவச்சிலை செய்பவர் தலையைச் சுற்றிவர வேண்டும், பின்னிருந்தும் மேலிருந்தும் பார்க்க வேண்டும். மண்டையோட்டின் வடிவம் தெரியாமல் முகம் நிற்காது. போப்பின் தலையை மேலிருந்து குனிந்து பார்ப்பதற்கு அந்த அரண்மனை நடைமுறையில் இடமில்லை. போப்புக்குப் பொறுமையும் இல்லை. அமர்வுகள் பாதியில் நின்றன, ரோடின் மனக்குறையோடு திரும்பினார். ஆனாலும் அந்தத் தலையில் உயிர் இருக்கிறது. சினம் கொண்ட, களைத்த மனிதர் ஒருவர் அதில் தெரிகிறார்.

இன்னும் பின்னே போனால் பெர்னினி. எதிரே இருப்பவர் அசையாமல் உட்காருவதை அவர் விரும்பவில்லை. நடக்கவும் பேசவும் விட்டு, அந்த அசைவுக்குள் ஆளைத் தேடினார். 1632இல் அவர் செய்த கர்தினால் ஷிப்பியோனே பொர்கேசேயின் தலை வாய் திறந்து ஏதோ சொல்ல வருவதுபோல் இருப்பது அதனால்தான். போப் ஜான் பெர்னினிக்கு ஏற்ற ஆள். பேச்சுப் பிரியர், கையை ஆட்டிப் பேசுபவர், முகம் நிமிடத்துக்கு ஒருமுறை மாறுபவர். மன்சூவோ பெர்னினியின் வழி வந்தவர் இல்லை. அசைவின்மையே அவர் கலையின் அடிப்படை.

அமர்வுகள் 1960களின் தொடக்கத்தில் நடந்தன. இருவருக்கும் பிறப்பூர் ஒரே வட்டாரம், பெர்கமோக்காரர்களின் கொச்சை இருவருக்கும் தாய்ப்பேச்சு. பாரிஸிலும் இஸ்தான்புல்லிலும் காலங்கழித்த முதியவருக்கும், மிலானில் பேராசிரியராக இருந்த செருப்புத் தைப்பவர் மகனுக்கும் இடையில் அந்தப் பேச்சு எவ்வளவு வேலை செய்திருக்கும் என்று ஊகிக்கலாம். இந்த நட்பைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, அமெரிக்கப் பத்திரிகையாளர் கர்டிஸ் பில் பெப்பர் 1968இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. அது மன்சூவின் நினைவுகளை ஆதாரமாகக் கொண்டு, நாவலைப் போன்ற நடையில் உரையாடல்களோடு எழுதப்பட்டது. அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் போப்பின் வாய்மொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலைகளைச் சான்றாகக் கொள்வதே பாதுகாப்பானது. அவை மாற்றிச் சொல்லாதவை.

முதல் வடிவங்கள் மன்சூவுக்கு நிறைவு தரவில்லை. சாயல் வந்தது, உயிர் வரவில்லை. இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 23ஆம் ஜான் தொலைக்காட்சிக் காலத்துப் போப். அகன்ற முகம், பெரிய மூக்கு, விரிந்த காதுகள், தடித்த உடல், தாத்தாவின் சிரிப்பு ஆகிய அனைத்தையும் உலகம் நாளிதழ்களிலும் திரையிலும் பார்த்துப் பழகியிருந்தது. சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார், மருத்துவமனைக்குப் போய்க் குழந்தைகளைப் பார்த்தார், ஒவ்வொரு முறையும் படம் எடுக்கப்பட்டது. மக்கள் அவரை நல்ல போப் என்று அழைத்தார்கள். ஒரு சிற்பிக்கு இதைவிட ஆபத்தான சூழல் கிடையாது. அந்தச் சிரிப்பைச் செய்தால் எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள், எல்லோரும் மகிழ்வார்கள், சிலை அங்கேயே செத்துவிடும். சிரிப்பு ஒரு நொடியில் வந்து போவது. அதை வெண்கலத்தில் நிறுத்தினால் இளிப்பாகிவிடும். கடைத்தெருவில் விற்கும் போப் ஜான் பொம்மைகளில் இதைப் பார்க்கலாம்.

மறுபுறம் கர்தினால்களின் மொழி அழைத்தது. கூம்பாக்கு, ஆடைக்குள் ஒடுக்கு, முகத்தைப் பொதுமைப்படுத்து என்றது அது. கம்பீரமான போப் ஒருவர் கிடைத்திருப்பார், ரொங்கல்லி கிடைத்திருக்க மாட்டார். சிரிப்புக்கும் கூம்புக்கும் நடுவே வழி தேடித்தான் மன்சூ திரும்பத் திரும்பக் களிமண்ணைப் பிசைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. 1962 மார்ச்சில் தெ லூக்கா இறந்தார். நோயில் கிடந்த அவரைப் போப் மருத்துவமனைக்கே போய்ப் பார்த்திருந்தார். அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று, போப் அறிவித்திருந்த பொதுச்சங்கம், இரண்டாம் வத்திக்கான் சங்கம், தொடங்கியது. அதற்குள் போப்புக்கு வயிற்றில் புற்றுநோய் இருப்பது தெரிந்துவிட்டது. 1963 ஏப்ரல் 11 அன்று உலக அமைதி பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். ஜூன் 3 அன்று இறந்தார்.

அன்றிரவு மன்சூ வத்திக்கானுக்கு அழைக்கப்பட்டார். இறந்தவரின் முகத்திலும் வலது கையிலும் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்தார். இது பழைய வழக்கம். முகத்தில் எண்ணெய்ப் பசை தடவி, கண்ணிமை முடிகளைக் காத்து, நீர்த்த பிளாஸ்டரை அடுக்கடுக்காக இட்டு, இறுகியபின் கழற்ற வேண்டும். அந்த அச்சிலிருந்து கிடைக்கும் முகத்தில் ஒரு சுருக்கமும் தப்பாது. ஒளிப்படத்தைவிடத் துல்லியமான பதிவு அது. ஆனால் அது உருவச்சிலை அன்று. உயிர் போனதும் தசை எலும்பின்மேல் தளர்ந்து சரிகிறது, மூக்கு கூர்மையாகிறது, வாயின் ஓரங்கள் வேறு பக்கம் இழுக்கின்றன. வாழ்ந்தவர் அந்த முகத்தோடு ஒரு நாளும் இருந்ததில்லை. எல்லா அளவுகளும் சரியாக இருந்தும் ஆள் இல்லாத முகம் அது. கர்தினால்களில் உருவத்தின் கம்பீரம் ஆளை இல்லாமல் செய்தது. இங்கே துல்லியம் அதைச் செய்தது.

மன்சூ அந்த இரவில் விரல்களால் தொட்ட எலும்பமைப்பு அவருடைய பிந்தைய வேலைக்கு எந்த அளவு உதவியது என்பதைச் சிலைகளைப் பார்த்தே சொல்ல வேண்டும். எனக்குத் தெரிகிற வேறுபாடு ஒன்று உண்டு. 1963இல் முடிந்த வெண்கலத் தலையில் சதை எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கன்னத்தின் கனம் தாடையைத் தேடி இறங்குகிறது, நெற்றி அதைத் தாங்கி நிற்கிறது. காதுகளும் மூக்கும் சிறுத்துவிடவில்லை, அழகுபடுத்தப்படவில்லை. வாய்விட்ட சிரிப்பு இல்லை. உதடுகள் மூடியிருக்கின்றன. சற்றுமுன் ஏதோ சொல்லி முடித்த வாய், அல்லது பிறர் சொல்வதைக் கேட்கும் வாய். சடங்கு ஆடையின் கனம் தோளில் இருக்கலாம், ஆனால் அது முகத்தை விழுங்கவில்லை. கூம்பின் உச்சியில் ஒட்டவைத்த பொத்தானாக இருந்த மதகுருவின் முகம் இங்கே முதன்முறையாகத் தன் எடையில் நிற்கிறது.

வெண்கலம் இதற்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பளிங்கில் ஒளி உள்ளே சிறிது இறங்கித் திரும்புகிறது. முதியவரின் தோல் அதில் மெழுகுபோல் மழுங்கிவிடும். வெண்கலத்தில் ஒளி மேற்பரப்பிலேயே மோதி உடைகிறது. களிமண்ணில் கட்டைவிரல் அழுத்திய பள்ளமும் கருவி இழுத்த கீறலும் மெழுகு வார்ப்பில் அப்படியே உலோகத்துக்கு வந்துசேர்கின்றன. களிமண் உருவிலிருந்து பிளாஸ்டர் அச்சு, அச்சுக்குள் மெல்லிய மெழுகுத் தோல், அதைச் சுற்றிச் சூளை மண். சூட்டில் மெழுகு ஓடிவிட, அந்த வெற்றிடத்தில் ஆயிரம் பாகை செல்சியசைத் தாண்டிய உலோகக் குழம்பு நிரம்புகிறது. உள்ளே வெறுமையான, சில மில்லிமீட்டர் கனமுள்ள உலோக ஓடு கிடைக்கிறது. வார்ப்புக்குப் பின் எவ்வளவு தேய்ப்பது, எவ்வளவு விடுவது என்பது சிற்பியின் முடிவு. மன்சூ விடுவதில் நம்பிக்கை உள்ளவர். வயதின் தளர்ச்சியைக் கோடுகளாக வரையாமல், மேற்பரப்பின் நிலையின்மையிலேயே காட்டினார். ரோஸ்ஸோவிடம் கற்ற பாடம் இங்கேதான் பயன்பட்டது. பெண் முகங்களில் மென்மையாக இருந்த அதே முறை, எண்பதைத் தாண்டிய முதியவரிடம் நோயும் களைப்பும் கனிவும் கலந்த ஒன்றாக மாறியது.

மன்சூவைப் போலவே மிலானின் ப்ரேரா கலைக்கல்லூரியில் கற்பித்த மரீனோ மரீனியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். குதிரையும் வீரனும் என்ற தொடரால் உலகப் புகழ் பெற்ற மரீனி, இசைமேதை ஸ்டிராவின்ஸ்கியின் தலையை 1950-51இல் செய்தார். அங்கே மேற்பரப்பைச் சுரண்டி, கீறி, அரித்து, தலையை அகழ்ந்தெடுத்த பழம்பொருள்போல் ஆக்கினார். ஸ்டிராவின்ஸ்கியின் நரம்புத் துடிப்பு அந்தக் காயங்களில் இருக்கிறது. மிகச் சிறந்த படைப்பு. ஆனால் மரீனி தம் எதிரே இருப்பவரைத் தம் மொழிக்கு மாற்றுகிறார். மன்சூ இங்கே தம் மொழியை எதிரே இருப்பவருக்காக மாற்றினார். இரண்டாவது அரிது. ஐம்பதைத் தாண்டிய, பரிசுகள் பெற்ற, ஒரே பாணிக்காக உலகம் முழுவதும் அறியப்பட்ட கலைஞருக்கு அது மேலும் அரிது.

பேதுரு பேராலயத்தின் கதவு 1964 ஜூன் 28 அன்று, அடுத்த போப்பான 6ஆம் பால் காலத்தில் திறக்கப்பட்டது. மேலே இரு பெரும்பலகைகள்: இடப்புறம் மரியாளின் மரணம், வலப்புறம் கிறிஸ்துவைச் சிலுவையிலிருந்து இறக்குதல். நடுவே திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும். கீழே எட்டு மரணங்கள்: ஆபேல், யோசேப்பு, பேதுரு, முதல் இரத்தசாட்சி ஸ்தேவான், நாடுகடத்தப்பட்ட நிலையில் 1085இல் சலெர்னோவில் இறந்த 7ஆம் கிரகோரி, பெயரில்லாமல் அந்தரத்தில் தொங்கி இறப்பவன், அழும் குழந்தையின் முன் நாற்காலியில் சாயும் பெண். இவர்களோடு 23ஆம் ஜான், மண்டியிட்டுக் கைகூப்பிய நிலையில். கதவைத் தொடங்கியபோது அவர் வெனிஸில்கூட இல்லை. முடித்தபோது அவருடைய சாவு அதற்குள் இடம்பிடித்துவிட்டது. அடிவரிசையில் ஆந்தை, ஆமை, முள்ளெலி போன்ற சிற்றுயிர்கள் இருக்கின்றன.

மார்பளவுச் சிலையையும் இந்தப் பலகையையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பேன். சிலையில் மனிதர் நம் எதிரே இருக்கிறார். பலகையில் பக்கவாட்டாகத் திரும்பிவிட்டார், நம்மைப் பார்க்கவில்லை. பெரிய மேலாடை அங்கே மறுபடியும் வருகிறது, கர்தினால்களின் பழைய வடிவம் திரும்புகிறது. ஆனால் இம்முறை அதற்குள் யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரியும். தலையைச் செய்து பழகிய பிறகே அந்த வடிவத்துக்கு மன்சூ திரும்ப முடிந்தது. பெயரற்ற பெண்ணும் போப்பும் ஒரே அளவுப் பலகையில், ஒரே கதவில் இறக்கிறார்கள். 1940களில் கண்டிக்கப்பட்ட கிறிஸ்து தொடரின் மனம் இதுதான். இருபது ஆண்டில் சிற்பி மாறவில்லை, வாசல் திறந்தது. அதைத் திறந்தவரின் முகம் உள்ளே இருக்கிறது.

மன்சூ நம்பிக்கைக்குத் திரும்பினாரா என்ற கேள்வியை இந்தக் கதையோடு எப்போதும் எழுப்புகிறார்கள். அது சிலைக்குத் தொடர்பில்லாத கேள்வி. 1977இல் தம் சொந்த ஊரான பெர்கமோவில் அவர் நிறுவிய பாசிச எதிர்ப்புப் போராளி நினைவுச் சின்னத்தில், ஓர் ஆணுடல் தலைகீழாகத் தொங்குகிறது, அருகே ஒரு பெண் நிற்கிறாள். போப்பைச் செய்த கையும் அதைச் செய்த கையும் ஒன்றுதான். அவருக்கு அதில் முரண் தெரியவில்லை, நமக்கும் தெரிய வேண்டியதில்லை. 1991 ஜனவரியில் அவர் இறந்தார். ரோமுக்குத் தெற்கே ஆர்டேயாவில் அவர் படைப்புகளுக்கென்றே உள்ள அருங்காட்சியகம் இத்தாலிய அரசுக்குச் சொந்தம்.

23ஆம் ஜான் 2014 ஏப்ரல் 27 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்குப் பிறகு அவருடைய உருவங்கள் பெருகிவிட்டன. பெரும்பாலானவை சிரிக்கின்றன, கையை உயர்த்துகின்றன, எவரையும் நினைவுபடுத்துவதில்லை. பேதுரு பேராலயத்தில் கண்ணாடிப் பேழைக்குள் கிடத்தப்பட்டுள்ள அவர் உடலின் முகத்தைக்கூட மெழுகுப் பூச்சு மூடியிருக்கிறது. அந்த ஆளைக் காண வேண்டுமானால் மன்சூவிடம்தான் போக வேண்டும்.

ரோமுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேராலய முகப்பில் நுழைந்ததும் எல்லோரும் மிக்கேலாஞ்சலோவின் பியேத்தாவைத் தேடி வலப்பக்கம் விரைகிறார்கள். முதலில் இடக்கோடியில் உள்ள கதவின் முன் நில்லுங்கள், கீழ்ப்பலகைகளைக் கண்ணளவில் பாருங்கள். பின் உள்ளே போய் அதே கதவின் மறுபக்கத்தையும் பாருங்கள். சங்கத் தொடக்கத்தில் டாங்கனிக்காவின் கர்தினால் ருகம்ப்வாவைப் போப் ஜான் வரவேற்கும் காட்சி அங்கே இருக்கிறது. ஆப்பிரிக்கர் ஒருவரை முதன்முதலில் நவீன காலத்தில் கர்தினாலாக்கியவர் ஜான்தான். தெ லூக்காவுக்கு அர்ப்பணம் செய்யும் எழுத்துகளும், கையெழுத்துக்குப் பதிலாக மன்சூ பதித்த உள்ளங்கைத் தடமும் அதே பக்கத்தில் உள்ளன. அதன் பிறகு வத்திக்கான் அருங்காட்சியகத்தில், 6ஆம் பால் 1973இல் திறந்துவைத்த நவீன சமயக் கலைப் பிரிவுக்குப் போய் மன்சூவின் படைப்புகளைப் பாருங்கள். சிஸ்டைன் சிற்றாலயத்துக்குப் போகும் அவசரத்தில் பெரும்பாலோர் நிற்காமல் கடந்துவிடும் அறைகள் அவை.